கோத்தகிரியில் ஓர் அறை, கையில் 40,000 ரூபாய்: தசை வளர்க்க வீட்டிலேயே ஜிம் அமைப்பது எப்படி?

தேயிலைக்காரன் (கோத்தகிரி) | ஜூன் 8, இரவு 9.40

வணக்கம். வயது 29, உயரம் 5 அடி 8 அங்குலம், எடை 58 கிலோ. ஒல்லி என்பது எங்கள் வீட்டுப் பரம்பரைச் சொத்து. தாத்தாவிடமிருந்து அப்பாவுக்கும் அப்பாவிடமிருந்து எனக்கும் பத்திரம் பதியாமலே வந்து சேர்ந்தது. இந்த வருடமாவது கொஞ்சம் சதை போடுவது என்று தீர்மானித்திருக்கிறேன்.

அரவேணுவிலிருந்து ஊருக்குள் இருக்கும் ஜிம்முக்குப் போய்த் திரும்புவதற்குள் பஸ்ஸுக்குக் காத்திருப்பதிலேயே பாதி மாலை போய்விடுகிறது. மழைக்காலத்தில் அதுவும் இல்லை. ஆகவே வீட்டிலேயே அமைக்க எண்ணம். அறை 10 அடிக்கு 9 அடி. மேலே தகரம், அதன் அடியில் பலகை அடித்த உட்கூரை; உயரம் சரியாக 7 அடி. இணையத்தில் ஒரு மல்டி ஜிம் இயந்திரம் 38,000 ரூபாய்க்குப் பார்த்தேன். ஒரே இடத்தில் உட்கார்ந்தபடி நெஞ்சு, முதுகு, கால் எல்லாம் செய்யலாமாம். வாங்கிவிடலாமா? இன்னொன்று: சாலையிலிருந்து எங்கள் வீட்டுக்கு 64 படிகள் இறங்க வேண்டும்.

இரும்புப்பட்டறை (மேட்டுப்பாளையம்) | ஜூன் 8, இரவு 10.15

வாங்காதீர்கள்.

அந்த மாதிரி இயந்திரங்களைப் பழுது பார்த்துக் கொடுத்தவன் என்ற முறையில் சொல்கிறேன். கப்பிகள், கம்பி வடம், வடம் ஓடும் தண்டுகள் எல்லாம் உங்கள் ஊர் மூடுபனியில் ஒரே மழைக்காலத்தில் கிறீச்சிட ஆரம்பிக்கும். அதில் வரும் எடை பெரும்பாலும் 70 கிலோ அளவுதான். கால் பயிற்சிக்கு ஒரு வருடத்தில் போதாமல் போய்விடும். அப்புறம் அதை விற்கவும் முடியாது, 64 படி ஏற்றவும் முடியாது, துணி காயப்போட வைத்துக்கொள்ளலாம்.

அதே பணத்துக்கு ஒரு நல்ல ராடு, அதன் முனைகளில் மாட்ட 100 கிலோ வார்ப்பிரும்புப் பிளேட்டுகள், ஒரு பெஞ்சு, ராடைத் தாங்கி நிற்கும் ஒரு ரேக். இவ்வளவுதான். கோவை வார்ப்பிரும்புக்குப் பேர்போன ஊர். பிளேட்டுகளை அங்கே கிலோ கணக்கில் பேசி வாங்குங்கள்.

ராடு பற்றி: ஒலிம்பிக் அளவு ராடு 2.2 மீட்டர் நீளம், 20 கிலோ எடை, பிளேட்டு மாட்டும் முனை 50 மில்லிமீட்டர் தடிமன். உங்கள் அறையின் 10 அடிப் பக்கத்துக்கு இணையாக வைத்தால் இரண்டு பக்கமும் ஒன்றேகால் அடிக்குச் சற்று மேல் மிஞ்சும். பிளேட்டை மாட்டிக் கழற்ற அது போதும். 9 அடிப் பக்கத்தில் வைத்தால் ஒவ்வொரு தடவையும் கை முட்டியைச் சுவரில் தேய்ப்பீர்கள்.

7 அடி உட்கூரைதான் தொந்தரவு. உங்கள் உயரத்துக்கு நின்றபடி தலைக்கு மேல் தூக்கினால் கைப்பிடியே ஏறக்குறைய 7 அடிக்கு வந்துவிடும். அதற்கு மேல் பெரிய பிளேட்டின் பாதி, அதாவது இன்னும் 22 சென்டிமீட்டர். பலகை உடையும். அந்த ஒரு பயிற்சியைப் பெஞ்சில் உட்கார்ந்து செய்யுங்கள்.

சாலைக்குக்_கீழே (குன்னூர்) | ஜூன் 9, காலை 6.50

இரும்பு வாங்குவதற்கு முன்னால் ஒரு கேள்வி. உங்கள் அறைக்குக் கீழே என்ன இருக்கிறது?

சமவெளிக்காரர்களுக்கு இது விசித்திரமாகத் தோன்றும். நம் ஊரில் சாலை மட்டத்தில் வாசல் இருந்தால் அது தரைத்தளம் என்று அர்த்தமில்லை. சரிவில் கட்டிய வீட்டில் உங்கள் கால்களுக்கு அடியில் இன்னொரு குடும்பம் சமைத்துக்கொண்டிருக்கும். நான் வாடகைக்கு இருந்த வீட்டில் இதை மறந்துவிட்டு 80 கிலோவைத் தரையிலிருந்து தூக்கிப் பழகினேன். ஒரு நாள் கை வழுக்கியது. ராடு விழுந்த சத்தத்தைவிடக் கீழ்வீட்டு அம்மா போட்ட சத்தம் பெரிது. அவர்கள் வீட்டு மேல்பூச்சு ஒரு தாம்பாளம் அளவுக்குப் பெயர்ந்து சாம்பாரில் விழுந்திருந்தது. மறுமாதமே வீட்டைக் காலி செய்தேன்.

வீடுகளின் தளத்துக்கு ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 200 கிலோ என்ற கணக்கில்தான் சுமை போட்டு வடிவமைப்பது வழக்கம். அது அறை முழுவதும் பரவிய சுமை. ஒரே இடத்தில் பொத்தென்று விழும் இரும்பு வேறு ரகம். பழைய மரத் தரை வீடுகள் என்றால் கேட்கவே வேண்டாம். பலகைக்கு அடியில் உத்தரம் உளுத்திருந்தாலும் மேலே மெழுகு பளபளக்கும்.

தேயிலைக்காரன் | ஜூன் 9, இரவு 8.05

கீழே மண்தான். சரிவை வெட்டிக் கட்டிய அறை; சாந்துத் தரை. பின்சுவர் மட்டும் மண்ணைத் தாங்கி நிற்கிறது, ஜூலையிலிருந்து டிசம்பர் வரை அதில் வியர்த்துக்கொண்டே இருக்கும்.

சாலைக்குக்_கீழே | ஜூன் 9, இரவு 8.20

அப்படியானால் தப்பித்தீர்கள். தரைமேல் மாட்டுக் கொட்டகைக்கு விரிக்கும் ரப்பர் பாய் இரண்டு போடுங்கள். தீவனக் கடைகளில் கேட்டால் வரவழைத்துத் தருவார்கள். ஜிம்முக்கென்று விற்கும் வண்ண வண்ணச் சதுரங்கள் நுரை. அழுந்திவிடும், அதன்மேல் நின்று எடை தூக்கினால் கணுக்கால் ஆடும். ஒரு பசுவைத் தாங்கும் பாய் உங்களைத் தாங்காதா?

பனிமூட்டம் (ஊட்டி) | ஜூன் 9, இரவு 11.30

வியர்க்கும் சுவர் என்று படித்ததும் எழுந்து உட்கார்ந்துவிட்டேன்.

துருவைப் பற்றி இங்கே யாரும் விரிவாகச் சொல்லவில்லை. நான் மூன்று ராடுகளைத் தின்னக் கொடுத்தவன். முதலாவது, மலிவான குரோம் பூச்சு. இரண்டே வருடத்தில் பூச்சு செதில் செதிலாகக் கிளம்பி உள்ளங்கையைக் கிழித்தது. இரண்டாவது, கறுப்புப் பூச்சு. பார்க்க அழகு, ஊட்டிக்கு ஆகாது. மூன்றாவதைச் சுவரோரமாகச் சாய்த்து வைத்துவிட்டு அக்டோபரில் ஊருக்குப் போனேன். திரும்பி வந்தபோது அது செம்பருத்திக் கொம்பு போல நின்றது. இப்போது இருப்பது துருப்பிடிக்காத எஃகு. விலை கூடுதல்தான், ஆனால் மூன்று ராடுகள் வாங்கிய பணத்தைக் கூட்டிப் பார்த்தால் அழுகை வரும்.

அவ்வளவு பணம் போட முடியாவிட்டால் துத்தநாகப் பூச்சு ராடு வாங்கி வாரம் ஒரு முறை பிரஷ்ஷால் தேய்த்து, தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு விட்டுத் துடையுங்கள். யாராவது தேங்காய் எண்ணெய் தடவச் சொன்னால் அவர் கீழ்நாட்டுக்காரர் என்று புரிந்துகொள்ளுங்கள். 24 டிகிரிக்குக் கீழே அது உறைந்துவிடும். நம் ஊரில் பாட்டிலிலிருந்து கரண்டியால்தான் எடுக்கிறோம். ராடின் சுழலும் முனைக்குள் அது போனால் மெழுகு அடைத்தது மாதிரிதான்.

பிளேட்டுகளைப் பின்சுவரில் சாய்க்காதீர்கள். அறையின் நடுப்பக்கம் ஒரு முளைக்கட்டையில் மாட்டுங்கள். பயிற்சி முடிந்ததும் வியர்வையைத் துடையுங்கள். உப்புதான் துருவுக்குத் தாய்மாமன்.

குளிர்காலத்தில் ராடு பிடிக்க முடியாத அளவுக்குச் சில்லிட்டிருக்கும். வெறும் ராடை வைத்து இரண்டு செட் (இடையில் ஓய்வில்லாமல் தொடர்ந்து தூக்கும் ஒரு சுற்றுதான் செட்) செய்தால் இரும்பும் சூடாகும், நீங்களும் சூடாவீர்கள்.

செவிலி_67 (குன்னூர்) | ஜூன் 10, காலை 5.45

ஒரே ஒரு வரி சேர்க்கிறேன், இதைத் தயவுசெய்து தாண்டிப் போகாதீர்கள். அறையைச் சூடாக்கக் கரியடுப்பை உள்ளே வைத்துக் கதவைச் சாத்தாதீர்கள். கரிப்புகையில் வரும் கார்பன் மோனாக்சைடுக்கு மணம் இல்லை, கண் எரிச்சல் இல்லை. தூங்குகிறவர்களையே அது கொன்றுவிடும். மூச்சு வாங்கிப் பயிற்சி செய்கிறவர் இன்னும் வேகமாக உள்ளிழுப்பார். ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு செய்யுங்கள்.

பழைய_சிப்பாய் (வெலிங்டன்) | ஜூன் 10, காலை 9.00

தம்பி, இதையெல்லாம் படிக்கப் படிக்கச் சிரிப்புத்தான் வருகிறது. நான் இங்கே மெட்ராஸ் ரெஜிமென்ட் மையத்தில் ரெக்ரூட்டாகச் சேர்ந்தபோது எங்களுக்கு ராடும் இல்லை, ரப்பர் பாயும் இல்லை. தண்டால், பஸ்கி, கயிறு ஏறுதல், முதுகில் மூட்டையோடு மலை ஏற்றம். எவனுக்காவது தொப்பை இருந்ததா? எங்கள் சொந்த ஊரில் இளவட்டக்கல்லைத் தூக்கித் தோளில் வைத்தால்தான் பெண் கொடுப்பார்கள். இங்கே தோடர் குடியிருப்புகளான மந்துகளிலும் அப்படி உருண்டைக் கல்லைப் பார்த்திருக்கிறேன். மலையில் பிறந்தவனுக்கு 64 படி இருக்கிறது. ஒரு மூட்டையைத் தூக்கிக்கொண்டு ஏறி இறங்கு. 40,000 ரூபாயை வங்கியில் போடு.

தேயிலைக்காரன் | ஜூன் 10, இரவு 7.30

ஐயா, உங்கள் மேல் மரியாதை உண்டு. ஆனால் அந்த 64 படியை என் அப்பா 30 வருடமாக ஏறி இறங்குகிறார், அதில் பாதி நாள் தலையில் இலை மூட்டையோடு. அவர் கால்கள் மரம் மாதிரி. தோளும் நெஞ்சும் என்னுடையதைப் போலவே சட்டை மாட்டும் ஹேங்கர் மாதிரி. சுமந்தால் தசை வளரும் என்றால் கொழுந்து பறிக்கும் அத்தைமார்கள் எல்லோரும் பயில்வான்களாக இருக்க வேண்டுமே?

இளவட்டக்கல் விஷயமும் அப்படித்தான். தூக்கிய அன்று கல்யாணம் நிச்சயம். அதற்குப் பிறகு கல் வளர்வதில்லை, மாப்பிள்ளையும் வளர்வதில்லை.

மூட்டு_மருத்துவம் (ஊட்டி) | ஜூன் 10, இரவு 10.10

இயன்முறை மருத்துவர். இருவரும் பாதிப் பாதி சரி.

ஒரே சுமையை ஒரே அளவில் சுமந்தால் உடல் அதற்குப் பழகியதும் வளர்ச்சியை நிறுத்திக்கொள்ளும். அப்பாவின் மூட்டை 30 வருடமும் ஏறக்குறைய ஒரே எடை. அவர் உடல் அதைக் குறைந்த செலவில் தூக்கக் கற்றுக்கொண்டுவிட்டது. தசை வளர வேண்டுமானால் சுமை கொஞ்சம் கொஞ்சமாக ஏற வேண்டும். ராடின் பெருமை வேறெதுவும் இல்லை, பக்கத்துக்கு ஒன்றேகால் கிலோ கூட்டலாம் என்பதுதான். மூட்டையில் அது கடினம்.

ஆனால் சிப்பாய் ஐயா சொன்ன தண்டாலை ஒதுக்காதீர்கள். தசை வளர்ச்சிக்கு ஒரு செட்டில் 5 தடவை தூக்க முடிகிற கனமான எடையும், 30 தடவை தூக்க முடிகிற இலேசான எடையும் கிட்டத்தட்ட ஒரே பலனைத் தருகின்றன. இனி ஓரிரு தடவைக்கு மேல் முடியாது என்ற எல்லைவரை போக வேண்டும் என்பதே நிபந்தனை. 12 தண்டாலில் மூச்சுமுட்டுகிறவருக்குத் தண்டால் முதல்தரமான நெஞ்சுப் பயிற்சி. 60 எடுப்பவருக்கு அது இதயப் பயிற்சி.

தேயிலைக்காரனுக்கு என் யோசனை: வாரம் மூன்று நாள். ஒவ்வொரு தடவையும் ராடோடு பஸ்கி, பெஞ்சில் படுத்துத் தள்ளுதல், குனிந்து ராடை வயிற்றுப் பக்கம் இழுத்தல். இவற்றோடு தரையிலிருந்து தூக்குதல் ஒரு நாள், உட்கார்ந்து தலைக்கு மேல் தள்ளுதல் ஒரு நாள், கம்பியில் தொங்கி ஏறுதல் ஒரு நாள். மூன்று செட், ஒவ்வொன்றும் 8 தடவை. வாராவாரம் ஒரு தடவை கூட்டப் பாருங்கள். மூன்று செட்டிலும் 12 வந்துவிட்டால் இரண்டரை கிலோ ஏற்றி மறுபடி 8 லிருந்து ஆரம்பியுங்கள். ஒவ்வொரு பெரிய தசைக்கும் வாரத்துக்குச் சுமார் 10 செட் கிடைத்துவிடும். ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். இலைக் கணக்கு எழுதுகிற வீட்டில் இது பழக்கமான வேலைதான்.

புதிதாக மலையேறி வந்திருக்கும் வாசகர்களுக்கு: ஊட்டி 2,240 மீட்டர் உயரம். இங்கே காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் முக்கால் பங்குதான். ஒரு செட்டுக்கு அது தெரியாது. செட்டுகளுக்கு நடுவே மூச்சு திரும்பத்தான் நேரமாகும். மூன்று நிமிடம் உட்காருவது சோம்பல் இல்லை.

டீச்சரம்மா (கேத்தி) | ஜூன் 11, மாலை 4.20

ஓய்வுபெற்ற ஆசிரியை, வயது 61. என் மகனுக்காகப் படிக்க ஆரம்பித்து எனக்காகப் படித்துக்கொண்டிருக்கிறேன். எலும்பு அடர்த்தி குறைகிறது, எடைப் பயிற்சி செய்யுங்கள் என்று டாக்டர் சொன்னார். இந்த வயதில் தசை வருமா? இன்னொரு சந்தேகம். தசை என்றாலே எல்லோரும் முட்டை, முட்டை என்கிறார்கள். எங்கள் வீட்டுக்குப் பின்னால் தேயிலைக்குள் நிற்கும் காட்டெருமை ஆயிரம் கிலோவை நெருங்கும் போலிருக்கிறது. அதற்கு யார் முட்டை கொடுத்தார்கள்?

மூட்டு_மருத்துவம் | ஜூன் 11, இரவு 9.00

டீச்சர், வரும். வேகம் குறைவு, அவ்வளவுதான். உலக சுகாதார நிறுவனம் 2020 இல் வெளியிட்ட வழிகாட்டுதலில் தசையை வலுப்படுத்தும் பயிற்சியைப் பெரியவர்கள் எல்லோரும் வாரம் இரண்டு நாளாவது செய்ய வேண்டும் என்று இருக்கிறது. 65 வயதைக் கடந்தவர்களுக்கும் விலக்கு இல்லை. நீங்கள் ராடில் ஆரம்பிக்க வேண்டாம். நாற்காலியில் உட்கார்ந்து எழுங்கள். அது இலகுவானதும் கையில் இரண்டு கிலோ, அப்புறம் நான்கு. எலும்பு விஷயம் என்பதால் முதல் சில வாரம் யாராவது நேரில் பார்த்துத் திருத்தட்டும்.

காட்டெருமைக்கு நான்கு அறை வயிறு. அது புல்லைத் தின்கிறது, வயிற்றுக்குள் நுண்ணுயிர்கள் அந்தப் புல்லைத் தின்று பெருகுகின்றன, பிறகு அது அந்த நுண்ணுயிர்களைச் செரித்துக்கொள்கிறது. ஆக, அதுவும் உள்ளே ஒரு பண்ணை நடத்துகிறது. நமக்கு ஓர் அறைதான்.

தசை வளர்ப்பவருக்கு உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 1.6 கிராம் புரதம் போதும். 58 கிலோவுக்கு 93 கிராம். நான்கு முட்டையில் 24, அரை லிட்டர் பாலில் 16, 50 கிராம் சோயா உருண்டையில் 26, 50 கிராம் நிலக்கடலையில் 12. மிச்சம் சோறு, பருப்பு, நம் ஊர் அவரை, கொள்ளு ஆகியவற்றில் வந்துவிடும். ஒல்லியானவர்கள் பெரும்பாலும் தவறுவது புரதத்தில் அல்ல, மொத்தச் சாப்பாட்டில். காலையில் டீயும் வர்க்கியும் சாப்பிட்டுவிட்டு மதியம்வரை ஓட்டுகிறவருக்கு எந்தப் புரதப் பொடியும் உதவாது.

அரவேணு_தோட்டம் (கோத்தகிரி) | ஜூன் 12, இரவு 9.15

கடலை பற்றிப் பேச்சு வந்ததால்: வீட்டுக்கு வெளியே தனிக் கொட்டகையில் ஜிம் வைக்கிறவர்கள் தின்பண்டத்தை அங்கே வைக்காதீர்கள். நான் ஒரு டப்பா கடலை உருண்டை வைத்திருந்தேன். இரவில் கரடி வந்து கதவின் கீழ்ப்பலகையைப் பெயர்த்துவிட்டது. பெஞ்சு மேல் படுத்திருக்குமோ என்று என் மனைவிக்கு இன்றும் சந்தேகம். விடிவதற்கு முன்னால் கொட்டகைக்குப் போகிறவர்கள் டார்ச் எடுத்துக்கொண்டு, தொண்டையைச் செருமிக்கொண்டே போங்கள்.

இரும்புப்பட்டறை | ஜூன் 12, இரவு 10.40

தனியாகச் செய்பவர் பெஞ்சில் படுத்துத் தள்ளும்போது ராடு நெஞ்சில் உட்கார்ந்துவிட்டால் யார் எடுப்பார்கள்? அதனால்தான் வெறும் ஸ்டாண்டு வேண்டாம், ரேக் என்றேன். நெஞ்சு மட்டத்துக்குச் சற்றுக் கீழே இரண்டு பக்கமும் குறுக்குக் குழாய் இருக்க வேண்டும். கை விட்டாலும் ராடு அதன்மேல் விழும். பல வருடத்துக்கு முன்னால் ஒருவர் கேட்டார் என்று இரண்டு தனித் தூண்களாகச் செய்து கொடுத்தேன். ஒரு பக்கம் பிளேட்டைக் கழற்றியதும் மறுபக்கம் சாய்ந்து ஜன்னல் போயிற்று. நல்லவேளை, ஜன்னலோடு போயிற்று. அன்றிலிருந்து அடியில் இணைக்காத தூண் என் பட்டறையில் கிடையாது.

2 அங்குலச் சதுரக் குழாய், 3 மில்லிமீட்டர் தடிமன், நட்டு போல்ட்டில் கழற்றிப் பூட்டும்படி. இல்லாவிட்டால் படியில் திரும்பாது, கதவிலும் நுழையாது. தொங்கி ஏறும் கம்பிக்கு ஒரு அங்குல ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) குழாய். அதை 6 அடிக்கு மேல் வைக்காதீர்கள். மோவாய் கம்பிக்கு மேல் வரும்போது உச்சந்தலை பலகையில் இடிக்கும். முழங்காலை மடக்கிக்கொண்டு தொங்குங்கள்.

தேயிலைக்காரன் | ஜூலை 19, இரவு 9.00

கணக்குக் கொடுக்கிறேன். துத்தநாகப் பூச்சு ராடு 9,800. பிளேட்டு 100 கிலோ 12,500. பட்டறை அண்ணன் செய்து கொடுத்த ரேக் 8,700. பழைய பெஞ்சு 3,000. மாட்டுப் பாய் இரண்டு 4,200. வேன், சுமை கூலி 1,400. மீதி 400 ரூபாய்க்குத் தையல் மெஷின் எண்ணெயும் பிரஷ்ஷும்.

பிளேட்டுகள் சாலையில் இறங்கியபோது மழை. 64 படி, எட்டு நடை. மறுநாள் என்னால் உட்கார முடியவில்லை.

ஒரு சந்தேகத்தில், இலை எடை போடும் இடத்துக்கு எடுத்துப்போய்ப் பிளேட்டுகளைத் தராசில் மாட்டிப் பார்த்தேன். 20 என்று அச்சிட்ட ஒன்று 18.7 காட்டியது, இன்னொன்று 19.6. பச்சைத் தேயிலையில் ஈரத்துக்குக் கழிப்பது போல வார்ப்பிரும்பிலும் கழிப்பார்கள் என்று எனக்குத் தெரியாது.

பனிமூட்டம் | ஜூலை 19, இரவு 9.25

ஒவ்வொன்றிலும் உண்மையான எடையைப் பெயின்ட்டில் எழுதிவிடுங்கள். ஒரே எடை உள்ளவற்றை ஜோடி சேர்த்து இரண்டு பக்கமும் மாட்டுங்கள். குறைவதால் நஷ்டம் இல்லை, மாறிக்கொண்டே இருந்தால்தான் நோட்டுக் கணக்கு கெடும்.

பழைய_சிப்பாய் | ஜூலை 20, காலை 8.30

எட்டு நடை என்றாயே, அந்தப் பயிற்சிக்குக் காசு எவ்வளவு ஆயிற்று?

தேயிலைக்காரன் | நவம்பர் 23, இரவு 8.45

நான்கு மாதம் ஆகிவிட்டது. எடை 58 லிருந்து 62. ராடோடு பஸ்கி 30 கிலோவில் ஆரம்பித்து 70, பெஞ்சில் 25 லிருந்து 47.5. செப்டம்பரில் முதுகு பிடித்துக்கொண்டு இரண்டு வாரம் போயிற்று. தவறு என்னுடையதுதான், நோட்டில் எழுதியதைவிட 10 கிலோ கூடுதலாக ஆசைப்பட்டேன். சாப்பாடுதான் இன்றும் பெரிய வேலை. சிப்பாய் ஐயா, தண்டால் 14 லிருந்து 31 ஆகிவிட்டது, கோபித்துக்கொள்ளாதீர்கள்.

பின்சுவர் ஒழுகுகிறது. ராடில் இரண்டு இடத்தில் பழுப்புப் புள்ளி, துடைத்தால் போய்விடுகிறது. சின்னப் பிளேட்டு ஒன்றைச் சுவரோரம் மறந்துவிட்டேன், அது இப்போது செங்கல் நிறம்.

நேற்று மழையால் அப்பா தோட்டத்துக்குப் போகவில்லை. அறைக்குள் வந்து கொஞ்ச நேரம் சுற்றிப் பார்த்தார். ரேக்கில் 40 கிலோ இருந்தது. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ராடுக்கு அடியில் நுழைந்து, தோளில் வாங்கி, மூன்று தடவை உட்கார்ந்து எழுந்துவிட்டு வைத்தார். மூச்சுகூட மாறவில்லை. "இது நாற்பதா? ஈரத்துக்கு எவ்வளவு கழித்தார்கள்?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

இரும்புப்பட்டறை | நவம்பர் 23, இரவு 9.10

அப்பா உங்களைவிட உயரம் குறைவா? அவர் செய்யும்போது ராடு மாட்டும் கொக்கியை இரண்டு துளை கீழே இறக்கி வையுங்கள். குறுக்குக் குழாயையும் சேர்த்து.